எத்தனை பேரில் வந்தாலும் சான் அன்டோனியோ

'ஷீஸ் அபவுட் எ மூவர்' இரண்டரை நிமிஷத்துக்குள் முடிந்துவிடுகிற பாட்டு. கிட்டார் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. ட்ரம்ஸ் நேராகப் போகிறது. வரிகளில் கவிதை கிவிதை எதுவும் இல்லை, ஒரு பெண் நடந்து போவதைப் பார்த்து ஒருத்தன் உருகுகிறான், அவ்வளவுதான். ஆனால் பின்னால் ஒரு ஆர்கன் இருக்கிறது. சர்ச் ஆர்கன் மாதிரி இழுத்துப் பிடித்து அழுவது இல்லை. விட்டு விட்டு, குத்திக் குத்தி, சைக்கிள் பம்ப் அடிக்கிற மாதிரி ஒரே இடத்தில் நின்று அடிக்கிறது. மலிவான, கொஞ்சம் மூக்கடைத்த சத்தம். முதல் தடவை கேட்கிறவர்களுக்கு ஒன்று தலைவலிக்கும், இல்லையென்றால் அன்றைக்கு நாற்பது தடவை கேட்பார்கள். நான் இரண்டாவது ஜாதி.

பாட்டு வந்தது 1965இல். அமெரிக்க ரேடியோவை இங்கிலாந்துக்காரர்கள் பிடித்துவைத்திருந்த காலம். பீட்டில்ஸ், ஸ்டோன்ஸ், அனிமல்ஸ். டெக்சஸில் வாசித்துக்கொண்டிருந்த பையன்களை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஹூஸ்டனில் ஹியூயி மோ என்று ஒரு தயாரிப்பாளர். அவர் பிற்காலத்தில் சலிக்காமல் சொன்ன கதை இது: பீட்டில்ஸ் ரெக்கார்டுகளையும் மலிவு ஒயின் பாட்டில்களையும் எடுத்துக்கொண்டு ஒரு ஓட்டல் அறையில் கதவைச் சாத்திக்கொண்டார். அவர்களிடம் அப்படி என்னதான் இருக்கிறது என்று கண்டுபிடிக்காமல் வெளியே வருவதில்லை. வெளியே வந்தபோது விடை கிடைத்திருந்தது: தாளம். லூசியானாவில் அவருடைய ஜனங்கள் காலங்காலமாக ஆடிவந்த ஆட்டத்தின் அதே நேரான தாளம்தான் அது. உடனே டக் சாம் என்கிற சான் அன்டோனியோ பையனைக் கூப்பிட்டு, முடியை வளர்த்துக்கொள், இந்தத் தாளத்தில் ஒரு பாட்டு எழுது என்றார். மோ அதற்கு முன் முடி வெட்டும் தொழிலில் இருந்தவர் என்பதை இங்கே சொல்லாமல் போக மனசு வரவில்லை. (இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அந்த ஆள் 1990களில் சிறார்களுக்கு எதிரான குற்றங்களுக்காகச் சிறைக்குப் போனவர். அவர் கதைகளை ரசித்துச் சொல்லும்போதெல்லாம் அதுவும் கூடவே வந்து நிற்கிறது. நிற்கட்டும்.)

குழுவுக்கு வைத்த பெயர் 'சர் டக்ளஸ் க்வின்டெட்'. ஏதோ லண்டனிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் மாதிரி. ட்ரம்ஸில் ஜானி பெரெஸ் உட்கார்ந்திருக்கிற குழுவை லண்டன்காரர்கள் என்று எத்தனை நாள் ஏய்ப்பது? முதல் ஆல்பத்தின் அட்டையில் முகம் தெரியாமல் நிழலுருவமாக நின்றார்கள். அந்த முதல் ஆல்பத்துக்குப் பெயரே 'த பெஸ்ட் ஆஃப்' என்றுதான் தொடங்கும். வேஷம் பலித்தது. பாட்டு பில்போர்டு பட்டியலில் 13ஆம் இடம் வரை ஏறியது.

இந்த வேஷத்தில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. அந்தக் குழுவில் உண்மையிலேயே இங்கிலாந்திலிருந்து வந்தது ஒரே ஒரு பொருள்தான்: ஆகி மேயர்ஸ் வாசித்த ஆர்கன். வாக்ஸ் கான்டினென்டல். இங்கிலாந்தில் தயாரானது. மேலே ஆரஞ்சு நிறம். சாதாரண பியானோவில் வெள்ளையாக இருக்கும் கட்டைகள் இதில் கறுப்பு, கறுப்பாக இருப்பவை வெள்ளை. ஆனால் அதில் மேயர்ஸ் வாசித்தது இங்கிலாந்துச் சரக்கு இல்லை. சான் அன்டோனியோவின் மெக்சிகத் தெருக்களில் கல்யாணத்துக்கும் ஞானஸ்நானத்துக்கும் வாசிப்பார்களே கொன்ஹுன்டோ இசை, அதில் பாஹோ செக்ஸ்டோ என்று பன்னிரண்டு தந்திக் கருவி ஒன்று உண்டு. அக்கார்டியன் மேலே பறந்துகொண்டிருக்க, கீழே 'ஊம்-பா, ஊம்-பா' என்று ஆட்டக்காரர்களின் காலைத் தூக்கிவிடுவது அதன் வேலை. அந்த வேலையைத்தான் ஆர்கனில் செய்ததாக மேயர்ஸே சொல்லியிருக்கிறார். ஆக, வேஷத்தைக் காட்டிக்கொடுத்தது எது? அந்தக் குழுவில் இருந்த ஒரே அசல் ஆங்கிலேயப் பொருள்தான்.

டக் சாமின் ரெக்கார்டுகளை நான் திரும்பத் திரும்பக் கேட்பதற்குக் காரணம் இந்த மாதிரி இடங்கள்தான். மனுஷன் வாழ்நாள் முழுக்க வேறு வேறு பேரில், வேறு வேறு தொப்பியில் வந்து நிற்பார். ஆனால் எங்கேயாவது ஒரு மூலையில் ஊர் எட்டிப் பார்த்துவிடும்.

அவர் பிறந்தது 1941 நவம்பர் 6. சான் அன்டோனியோவின் கிழக்குப் பக்கம். குடும்பம் ஜெர்மானிய வம்சாவளி. ஐந்தாறு வயதிலேயே ஸ்டீல் கிட்டாரைத் தொட்டுவிட்டார். மடியில் படுக்கவைத்து வாசிக்கிற, கன்ட்ரி பாட்டுகளில் அழுகிற அந்தக் கிட்டார். 'லிட்டில் டக்' என்று ரேடியோவில் பெயர். 1952 டிசம்பரில் ஆஸ்டின் ஸ்கைலைன் கிளப்பில் ஹாங்க் வில்லியம்ஸ் பாடிய மேடையில் இந்தப் பதினொரு வயசுப் பையனும் வாசித்தான். கன்ட்ரி இசையின் கடவுள் மாதிரி இருந்த ஹாங்க் அடுத்த புத்தாண்டு அன்றே செத்துப்போனார். 1955இல் டெக்சஸின் சின்னஞ்சிறு கம்பெனி ஒன்று இவனுடைய முதல் ரெக்கார்டை வெளியிட்டது. வயது 13.

இப்படிப்பட்ட வெள்ளைக்காரப் பையன் கன்ட்ரி பாடகனாகி, நாஷ்வில் போய், கோட்டில் ஜிகினா ஒட்டிக்கொண்டு வாழ்ந்து முடித்திருக்க வேண்டும். கெடுத்தது வீட்டுக்கு எதிரே இருந்த வயல். வயலுக்கு அந்தப் பக்கம் ஈஸ்ட்வுட் கன்ட்ரி கிளப். பெயரைப் பார்த்து கோல்ஃப் என்று நினைத்துவிட வேண்டாம். கறுப்பின மக்களின் இரவு கிளப் அது. டி-போன் வாக்கர் மாதிரி ஆட்கள் வந்து ப்ளூஸ் வாசித்த இடம். பையன் ராத்திரிகளில் வயலைத் தாண்டிப் போய்க் கேட்டான். கொஞ்சம் வளர்ந்ததும் உள்ளே போய் வாசிக்கவே ஆரம்பித்தான். நகரத்தின் மேற்குப் பக்கம் மெக்சிகர்களுடையது. அங்கே சாக்ஸபோன் குழுக்கள், கொன்ஹுன்டோ, உருகி உருகிப் பாடும் மெதுவான காதல் பாட்டுகள். அந்தப் பக்கத்துப் பையன்களோடும் இவன் கிடையாகக் கிடந்தான். ராக்கி மொராலெஸ் என்கிற சாக்ஸ்காரரோடு அப்போது ஏற்பட்ட உறவு பல பத்தாண்டுகள் ஓடியது. தோல் நிறத்தைப் பார்த்துப் பேருந்தில் இருக்கை ஒதுக்கிய நாட்களில் இதெல்லாம் நடந்தது என்பதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு பழைய கணக்கும் உண்டு. 1840களில் ஜெர்மானியர்கள் டெக்சஸில் குடியேறினார்கள். நியூ ப்ரான்ஃபெல்ஸ், ஃப்ரெடரிக்ஸ்பர்க் எல்லாம் அவர்கள் கட்டிய ஊர்கள். அவர்களும் பின்னால் வந்த செக், போலந்துக்காரர்களும் போல்காவையும் பொத்தான் அக்கார்டியனையும் அந்த மண்ணுக்குக் கொண்டுவந்தார்கள். அதை அக்கம்பக்கத்து மெக்சிகர்கள் கேட்டார்கள். அக்கார்டியனை வாங்கினார்கள், பாஹோ செக்ஸ்டோவோடு சேர்த்தார்கள், தங்கள் பாட்டுகளை அதில் போட்டார்கள். இரண்டு மூன்று தலைமுறையில் அது முழுக்க அவர்களுடைய இசையாகிவிட்டது. ஃப்ளாகோ ஹிமெனெஸின் குடும்பத்தில் தாத்தா, அப்பா, பிள்ளை என்று மூன்று தலைமுறை அக்கார்டியன்காரர்கள். அப்புறம் ஒரு ஜெர்மானிய வீட்டுப் பையன் அதை மெக்சிகர்களிடம் போய்க் கற்றுக்கொள்கிறான். தாத்தா பாட்டி கொண்டுவந்த சாமான் பக்கத்து வீட்டில் நூறு வருஷம் இருந்துவிட்டு, வேறு மணத்தோடு வீடு திரும்புகிறது. அடுத்தவர் இசையை எடுத்துக்கொண்டார் என்று டக் சாமை யாராவது சொன்னால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்தக் கொடுக்கல் வாங்கல்தான். ஆனால் அந்தக் கேள்வியை இதோடு மூடிவிட முடியாது. கொஞ்சம் பொறுங்கள்.

'மூவர்' வந்த சூடு ஆறுவதற்குள் கார்ப்பஸ் கிறிஸ்டி விமான நிலையத்தில் கஞ்சாவோடு பிடிபட்டார்கள். அன்றைய டெக்சஸில் அது விளையாட்டு விஷயம் இல்லை. டக் கலிஃபோர்னியாவுக்குக் கிளம்பினார். சான் ஃபிரான்சிஸ்கோ பக்கம். ஹிப்பிகளின் பொற்காலம். அங்கே அவருக்கு மரியாதை கிடைத்தது, 1968 டிசம்பரில் 'ரோலிங் ஸ்டோன்' அட்டையில் மகன் ஷானோடு வந்தார். ஊரே அமிலப் போதையில் அரைமணி நேர கிட்டார் தனியாவர்த்தனம் பண்ணிக்கொண்டிருந்தபோது இவர் பாட்டை மூன்று நிமிஷத்தில் முடித்துக்கொண்டிருந்தார். அந்த ஒரு காரணத்துக்காகவே கையெடுத்துக் கும்பிடலாம்.

1969இல் வந்த 'மென்டொசினோ' ஆல்பம்தான் என் கணக்கில் அவருடைய உச்சம். தலைப்புப் பாட்டு கலிஃபோர்னியாவின் ஒரு கடலோரச் சிற்றூரைப் பற்றியது. ஆர்கன் மறுபடியும் பம்ப் அடிக்கிறது. பாட்டு அமெரிக்காவில் 27ஆம் இடம் வந்தது, ஐரோப்பாவில் அதைவிடப் பெரிய ஹிட். ஜெர்மனியில் மைக்கேல் ஹோம் என்பவர் ஜெர்மன் வரிகளோடு பாடி அங்கே வீட்டுக்கு வீடு ஒலித்தது. போல்கா கடைசியில் போல்காவின் வீட்டுக்கே போய்ச் சேர்ந்தது, ஹிப்பி சட்டை போட்டுக்கொண்டு.

ஆனால் அந்த ஆல்பத்தைக் கலிஃபோர்னியாவைக் கொண்டாடும் ஆல்பம் என்று நினைத்தால் ஏமாந்துவிடுவோம். தலைப்புப் பாட்டைத் தாண்டினால் உள்ளே இருப்பது முழுக்க ஊர் ஞாபகம். 'லாட், ஐ'ம் ஜஸ்ட் எ கன்ட்ரி பாய் இன் திஸ் க்ரேட் பிக் ஃப்ரீக்கி சிட்டி' என்று ஒரு பாட்டு இருக்கிறது. தலைப்பிலேயே எல்லாம் சொல்லியாகிவிட்டது. 'அட் த க்ராஸ்ரோட்ஸ்' இருக்கிறது, மெதுவானது, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கேட்க வேண்டியது. இங்கிலாந்தின் மாட் த ஹூப்பிள் குழு தங்கள் முதல் ஆல்பத்தில் அதை எடுத்துப் பாடினார்கள். ஆங்கிலேயர் வேஷம் போட்டவரின் பாட்டை நிஜ ஆங்கிலேயர்கள் பாடியதைச் சேர்த்துக்கொண்டால் கணக்கு சரியாகிவிடுகிறது. பிறகு 'டெக்சஸ் மீ' இருக்கிறது. அதைப் பற்றிக் கடைசியில்.

ஊரை நினைத்துப் பாடுகிற பாட்டுகள் உலகமெங்கும் உண்டு, பெரும்பாலானவை எனக்கு ஒத்துவராது. அவற்றில் வரும் ஊர் எப்போதும் குளித்துவிட்டு, பவுடர் போட்டுக்கொண்டு நிற்கும். டக் சாமின் ஊர் அப்படி இல்லை. அவர் ஏங்குவது நிலக்காட்சிக்காக இல்லை, வாசிக்கிற ஆட்களுக்காக. அடுத்த வருஷம் வந்த 'டுகெதர் ஆஃப்டர் ஃபைவ்' ஆல்பத்தில் 'நுவேவோ லரேடோ' என்று எல்லைப்புற நகரத்தின் பேரில் ஒரு பாட்டு. மரியாச்சி பாணியில் ட்ரம்பெட் வருகிறது. அந்த ட்ரம்பெட்டைக் கேட்டால், கலிஃபோர்னியாவில் உட்கார்ந்துகொண்டு ஆயிரத்து சொச்சம் மைலுக்கு அப்பால் உள்ள பழைய கூட்டாளிகளைப் பேர் சொல்லிக் கூப்பிடுவது போல இருக்கும்.

இந்தப் பாட்டுகள் என்னை இவ்வளவு தொந்தரவு செய்வதற்குச் சொந்தக் காரணம் ஒன்று உண்டு. அப்பாவுக்கு மாற்றலாகிக்கொண்டே இருக்கும் உத்தியோகம். நாகர்கோவில், சேலம், திருவாரூர், மறுபடி சேலம். ஒவ்வொரு ஊரிலும் ஆறு மாசத்தில் என் பேச்சு அந்த ஊர்ப் பேச்சாக மாறிவிடும். யோசித்துச் செய்வதில்லை, வாய் தானாகத் திரும்பிக்கொள்ளும். கல்லூரி விடுதியில் அறைத்தோழி ஒருநாள், நான் போனில் மூன்று பேரிடம் மூன்று மாதிரிப் பேசுவதைக் கேட்டுவிட்டு, "ஏய், இதுல உன்னோட ஒரிஜினல் எதுடீ?" என்றாள். கிண்டலாகத்தான் கேட்டாள். நான் சிரித்துவிட்டுப் படிக்கட்டுக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன். மூன்றுமே என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். எதுவுமில்லை என்று சொன்னால் எனக்கே பொறுக்காது. டக் சாமைக் கேட்க ஆரம்பித்தது அதற்குச் சில மாதங்கள் கழித்துத்தான், அதுவும் பின்வாசல் வழியாக. அன்க்கிள் டுபெலோ என்ற குழுவின் 1993 ஆல்பம் 'அனடைன்' அப்போது எனக்குப் பைத்தியம். அந்தக் குழு அடுத்த வருஷமே உடைந்து வில்கோ, சன் வோல்ட் என்று இரண்டானது. அதில் 'கிவ் பேக் த கீ டு மை ஹார்ட்' என்ற பாட்டில் இளசுகளுக்கு நடுவே ஒரு வயசான குரல், வீட்டுக்குள் செருப்போடு நுழைகிற மாமா மாதிரி, தன்பாட்டுக்கு வந்து பாடுகிறது. யார்ரா இந்த ஆள் என்று தேடினேன். பாட்டே அவர் எழுதியதுதான்.

1971இல் வந்த ஆல்பத்துக்கு அவர் வைத்த பெயர் 'த ரிட்டர்ன் ஆஃப் டக் சல்தான்யா'. சல்தான்யா மெக்சிகக் குடும்பப் பெயர். மேற்குப் பக்கத்து நண்பர்கள் அவருக்கு வைத்த செல்லப் பெயர். அட்டையில் கையில் பிக் ரெட் சோடா பாட்டிலோடு உட்கார்ந்திருப்பார். சிவப்பு நிறத்தில் பபுள்கம் மாதிரி இனிக்கும் டெக்சஸ் சோடா, சான் அன்டோனியோவின் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்குத் துணை.

முதலில் சர் டக்ளஸ், இப்போது சல்தான்யா. மேலே விட்டுவந்த கேள்விக்கு இதுதான் இடம். ஒரு வெள்ளைக்காரர் மெக்சிகப் பெயரைச் சூடிக்கொள்வதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. வேண்டும்போது போட்டுக்கொள்ளலாம், போலீஸ் வந்தால் கழற்றிவிடலாம். ஃப்ரெடி ஃபெண்டருக்கு அந்த சௌகரியம் இல்லை. அவருடைய இயற்பெயர் பல்தெமார் வெர்த்தா. வானொலியில் வெள்ளைக்காரர்களும் கேட்க வேண்டும் என்பதற்காக, கையிலிருந்த ஃபெண்டர் கிட்டாரின் பெயரைத் தன் பெயராக்கிக்கொண்டவர். 'வேஸ்டட் டேஸ் அண்ட் வேஸ்டட் நைட்ஸ்' பாட்டு மேலேறத் தொடங்கிய நேரம், 1960இல் கஞ்சா வழக்கில் பிடிபட்டு லூசியானாவின் அங்கோலா சிறையில் கிடந்தார். வெளியே வந்தபோது உலகம் அவரை மறந்திருந்தது. வண்டி மெக்கானிக்காக வேலை பார்த்தார். இரண்டு பேரும் பிடிபட்டது ஒரே இலைக்காகத்தான். ஒருவர் கலிஃபோர்னியாவில் பத்திரிகை அட்டைக்கு வந்தார், மற்றவர் எண்ணெய்க் கறையோடு வண்டிக்கு அடியில் படுத்திருந்தார். இதை மறைத்துவிட்டு டக் சாமைக் கொண்டாடினால் அது பொய்க் கொண்டாட்டம்.

டக் என்ன செய்தார் என்பதற்கு அதே ஆல்பத்தில் சாட்சி இருக்கிறது. 'வேஸ்டட் டேஸ்' பாட்டை எடுத்துப் பாடியிருக்கிறார். தொடங்குவதற்கு முன், இது ஃப்ரெடியின் பாட்டு, அவர் எங்கே இருந்தாலும் இது அவருக்கு என்ற பொருளில் வாய்விட்டே சொல்லிவிட்டுத்தான் தொடங்குகிறார். பாட்டை அவர் ஃப்ரெடி அளவுக்குப் பாடவில்லை. ஃப்ரெடியின் குரல் நடுங்குகிற இடங்களில் இவர் குரல் வெறுமனே கரகரக்கிறது. ஆனால் கொடுக்கல் வாங்கலில் கொடுக்கல் பக்கமும் இருந்தது என்பது அந்த அறிவிப்பில் பதிவாகியிருக்கிறது. பிறகு ஆஸ்டினுக்குத் திரும்பிய டக், ஃப்ரெடியை அங்கே சோப் க்ரீக் சலூன் மேடையில் ஹிப்பிகளுக்கு முன் ஏற்றினார். 1975இல் ஃப்ரெடி பெரிய நட்சத்திரமானார், 'வேஸ்டட் டேஸ்' மறுபதிவில் நாட்டின் முதல் பத்துக்குள் வந்தது. டக் அந்த உயரத்துக்குத் தன் வாழ்நாளில் போனதே இல்லை. அதே 1975இல், மனநோய் விடுதியிலிருந்து வெளிவந்த ராக்கி எரிக்சனை ஸ்டூடியோவுக்கு அழைத்துப்போய் 'டூ ஹெடட் டாக்' பாட்டைத் தயாரித்ததும் இவர்தான்.

நடுவில் 1973. அட்லான்டிக் கம்பெனியின் ஜெர்ரி வெக்ஸ்லர், அரீதா ஃப்ராங்க்ளினையும் ரே சார்ல்ஸையும் பதிவு செய்த பெரிய தலை, டக் சாமை நியூயார்க்குக்குக் கூப்பிட்டார். 'டக் சாம் அண்ட் பேண்ட்'. அமைதியாக ஒதுங்கியிருந்த பாப் டிலன் வந்து பாடினார், வாசித்தார், தன் பாட்டு ஒன்றையும் கொடுத்தார். நியூ ஆர்லியன்ஸிலிருந்து டாக்டர் ஜான். ரே சார்ல்ஸின் பழைய சாக்ஸ்காரர் டேவிட் நியூமன். சான் அன்டோனியோவிலிருந்து அக்கார்டியனோடு ஃப்ளாகோ. காகிதத்தில் இதைவிடப் பெரிய விருந்து கிடையாது. வந்தபோது பாதிப் பேர் டிலனைத் தேடி வாங்கினார்கள், டிலன் போதவில்லை என்று தூக்கிப்போட்டார்கள்.

எனக்கும் அது முழுசாகப் பிடித்த ஆல்பம் இல்லை. அறையில் ஆட்கள் ஜாஸ்தி. ஆனால் முதல் பாட்டை மட்டும் கேளுங்கள். '(இஸ் எனிபடி கோயிங் டு) சான் அன்டோன்'. அது சார்லி ப்ரைடின் பாட்டு. கறுப்பினத்தவராகக் கன்ட்ரி இசையில் உச்சிக்குப் போன அபூர்வ மனிதர், 1970இல் இதோடு கன்ட்ரி பட்டியலின் முதலிடத்தைப் பிடித்தவர். அதை ஒரு ஜெர்மானிய டெக்சஸ்காரரும் மினசோட்டாவின் யூத வீட்டுப் பிள்ளையும் சேர்ந்து, ஆளுக்கொரு மூலையில் நின்று கத்துகிற மாதிரி, சுருதி கொஞ்சம் அப்படி இப்படி இருக்க, பாடுகிறார்கள். தயாரிப்பாளர்களில் ஒருவரான ஆரிஃப் மார்டின் இஸ்தான்புல்லில் பிறந்தவர். சான் அன்டோனியோவுக்குப் போகிறவர்கள் யாராவது உண்டா என்று நியூயார்க்கில் உட்கார்ந்து இத்தனை பேர் கேட்கிறார்கள். அதே ஆல்பத்தில் 'பாய்ஸன் லவ்' பாட்டில் ஃப்ளாகோவின் அக்கார்டியன் நுழைகிற இடத்தில் எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வந்துவிடும். சந்தோஷத்தில்.

டக் சாமின் ரெக்கார்டுகளில் குறை இல்லாமல் இல்லை. அவருக்குப் பொறுமை கிடையாது. ஒரு ஆல்பத்தை உட்கார்ந்து இழைத்துச் செய்கிற குணமே இல்லை. பாதி ரெக்கார்டுகளில் யாரோ சிரிக்கிறார்கள், யாரோ தாமதமாக உள்ளே வருகிறார்கள், இவர் பாட்டுக்கு நடுவே பேசிக்கொண்டே இருக்கிறார். 1974இல் க்ரீடன்ஸ் குழுவின் தாளக்காரர்கள் ஸ்டூ குக்கையும் டக் கிளிஃபர்டையும் வைத்துச் செய்த 'க்ரூவர்ஸ் பாரடைஸ்' எனக்குப் பிடிக்கும், ஆனால் அதில் நாலு பாட்டைத் தூக்கியிருக்கலாம். எண்பதுகளில் ஸ்வீடன் போய்விட்டார். 'மீட் மீ இன் ஸ்டாக்ஹோம்' அங்கே பெரிய ஹிட். அந்தக் காலத்து ரெக்கார்டுகள் பலவற்றை ஒரு தடவை கேட்டால் போதும். கம்பெனிகளுக்கு இவரைக் கடையின் எந்த அலமாரியில் வைப்பது என்று கடைசிவரை தெரியவில்லை. ராக்கில் வைத்தால் கன்ட்ரி பாடுகிறார், கன்ட்ரியில் வைத்தால் சாக்ஸபோன் வருகிறது, ப்ளூஸில் வைத்தால் ஸ்பானிஷ். 1970இல் கன்ட்ரி ரேடியோவுக்கென்று 'வேய்ன் டக்ளஸ்' என்று இன்னொரு பெயரில் ஒரு ரெக்கார்டு போட்டுப் பார்த்தார்கள். அதுவும் போகவில்லை.

போனது கடைசியில், நாலு பேர் சேர்ந்தபோது. 1989இல் டக், ஆகி மேயர்ஸ், ஃப்ரெடி ஃபெண்டர், ஃப்ளாகோ ஹிமெனெஸ். பெயர் 'டெக்சஸ் டொர்னேடோஸ்'. 1990இல் முதல் ஆல்பத்தை ஆங்கிலத்தில் ஒன்று, ஸ்பானிஷில் ஒன்று என்று இரண்டாகவே வெளியிட்டார்கள். ஆகியின் '(ஹே பேபி) கே பாஸோ' ஒரே வாக்கியத்துக்குள் இரண்டு பாஷை பேசுகிற பாட்டு, சான் அன்டோனியோவில் அது இன்றைக்குத் தேசிய கீதம் மாதிரி. ஃப்ளாகோவின் அப்பா எழுதிய 'சோய் தெ சான் லூயிஸ்' பாட்டுக்கு கிராமி கிடைத்தது. அந்த ஆல்பத்தில் என்னைக் கவர்வது டக் அடங்கி உட்கார்ந்திருப்பதுதான். வாழ்நாள் முழுக்க மைக்கை விடாத மனுஷன், ஃப்ரெடி பாடும்போது பின்னால் நின்று கோரஸ் கொடுக்கிறார். இந்த ஒரு குழுவில் அவருக்கு வேஷப் பெயர் தேவைப்படவில்லை. சர், சல்தான்யா, வேய்ன் எதுவும் இல்லை. வெறும் டக் சாம்.

1999 நவம்பர் 18 அன்று நியூ மெக்சிகோவின் தாவோஸில், ஒரு மோட்டல் அறையில், தூக்கத்தில் இதயம் நின்றது. வயது 58. உடலை சான் அன்டோனியோவுக்குக் கொண்டுவந்து பெற்றோர் பக்கத்தில் புதைத்தார்கள்.

கடைசியாக அவர் பதிவுசெய்து வைத்திருந்தது ஒரு கன்ட்ரி ஆல்பம். அடுத்த வருஷம் வெளிவந்தது: 'த ரிட்டர்ன் ஆஃப் வேய்ன் டக்ளஸ்'. முப்பது வருஷத்துக்கு முன் போணியாகாத அந்தப் பெயரையே எடுத்து மறுபடி போட்டுக்கொண்டிருக்கிறார். நாஷ்வில்லின் புது கன்ட்ரியைத் திட்டுகிற பாட்டு ஒன்று இருக்கிறது, வயிறு வலிக்கச் சிரிக்கலாம். ஸ்டீல் கிட்டார் ஆல்பம் முழுக்க இழைகிறது, ஆறு வயசில் அவர் மடியில் கிடந்த அதே வாத்தியம்.

அந்த ஆல்பம் முடிவது 'டெக்சஸ் மீ' பாட்டோடு. 1969இல் கலிஃபோர்னியாவில் பாடிய அதே பாட்டு. நான் இரண்டையும் அடுத்தடுத்து வைத்துக் கேட்பேன். முதலாவதில் அவருக்கு இருபத்தேழு வயது. தன்னுடைய டெக்சஸ்காரன் எங்கே தொலைந்தான் என்று தேடுகிற அந்தக் குரலில் அவசரம் இருக்கிறது, அடுத்த பஸ்ஸைப் பிடிக்கிறவனின் அவசரம். இரண்டாவதில் அவர் டெக்சஸில்தான் இருக்கிறார். திரும்பி வந்து இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. கூட்டாளிகள் பக்கத்திலேயே இருக்கிறார்கள், ஆகி இருக்கிறார். ஏங்க ஒன்றும் இல்லை. இருந்தும் அதே வரிகளைப் பாடுகிறார், முன்னைவிட மெதுவாக, ஒவ்வொரு சொல்லையும் வைத்து வைத்து. கரகரப்பு கூடியிருக்கிறது. ஒரு இடத்தில் மூச்சு வாங்குவதுகூடக் கேட்கிறது.